நல்லசாமியின் மூக்கு

கோலா சாவா பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் நல்லசாமியைப் போல ஒரு சந்தேகக்காரரை வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. கடைத் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குவார்; வாங்கிய பிறகு கடைக்காரனையும் ஏற இறங்கப் பார்ப்பார். கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட அசல்தானா என்று விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவார். காப்பித்தூளில் மணம் இல்லை, நெய்யில் மணம் இல்லை, சாம்பிராணி என்று மரத்தூளை விற்கிறான். ஊரே கூடித் தன்னை மட்டும் ஏமாற்றுகிறது என்பது அவருடைய தீர்மானம்.

ஊரை வைது ஓய்ந்தபின் அகப்பட்டவள் மனைவி செல்லம். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலே வழக்கு ஆரம்பமாகிவிடும். "இது கொழம்பா? வெந்நியில மொளகாய்த்தூளக் கரச்சு ஊத்திருக்க. நல்ல சாமான ஒளிச்சு வச்சு மகளுக்கு அனுப்புறியா?" செல்லம் முதலில் பதில் சொன்னாள், பிறகு அழுதாள், அப்புறம் வாயையே திறப்பதில்லை. போன வாரம்தான் திறந்தாள். "திங்கக்கெழம புனிதா காடி எடுத்துட்டு வருவா. நான் பாரோய்ல அவ வீட்டுக்கே போறேன். இனிமே நீங்களே ஆக்கித் தின்னுக்குங்க." காடி என்றால் மகளுடைய கார். துணிப்பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது. நல்லசாமிக்கு உள்ளுக்குள் பகீரென்றது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது என்னவோ, "போ போ, யாரு தடுத்தா?" என்பதுதான். பாழாய்ப்போன வாய்.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு மூளை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பல்கலைக்கழகத்து டாக்டர் அபிராமி, கூடவே உதவிக்கு ரகுநாத் என்று ஓர் இளைஞன். முதுகில் தெளிப்பான் பம்பைக் கட்டிக் களைப்புல்லுக்கு மருந்தடித்தவர்களோடு பேச வேண்டுமாம். தோட்டத்தில் எல்லோரையும்விட அதிக காலம் மருந்தடித்தவர் நல்லசாமிதான். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணிதான் இவர்களை ஏவிவிட்டிருக்கிறார், சீக்காளி என்று முத்திரை குத்தித் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று அவர் கணக்குப் போட்டார். என்னதான் பண்ணுகிறார்கள் பார்ப்போம் என்று வேவு பார்க்கப் போனார். வந்தவர்கள் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள் என்று செல்லமும் வந்திருந்தாள். கணவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அபிராமி பேனாபோல ஒன்றை மூடி கழற்றி அவர் மூக்கருகே நீட்டினாள். "இது என்ன வாசனை, அங்கிள்?"

"மூளையப் பாக்க வந்தவங்களுக்கு என் மூக்குல என்ன வேல?"

"மூக்குலேருந்து நரம்பு நேரா மூளைக்குத்தான் போவுது, அங்கிள். சில பேருக்குக் கைகால் நடுங்குற சீக்கு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை போயிருது. மருந்தடிச்சவங்களுக்கு அது கூடுதலா வருதான்னு பாக்குறோம்."

"வருதா?"

"சில ஆராய்ச்சி வருதுன்னு சொல்லுது. எதனால, யாருக்குன்னு இன்னும் முழுசாத் தெரியாது."

"தெரியாமத்தான் வந்தீங்களா?"

"தெரிஞ்சுக்கத்தான் வந்தோம்." அபிராமி கோபப்படவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

முதல் பேனாவைக் குத்துமதிப்பாகச் சாம்பிராணி என்றார். அடுத்ததை யோசித்து வாழைப்பழம் என்றார். அதற்கடுத்ததை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார். "வெறும் பேனாவ நீட்டி ஆழம் பாக்குறீங்களா? நல்லசாமிகிட்டயேவா?"

பேனா உருண்டு செல்லத்தின் பக்கம் போனது. எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள். "ஐயே, பூண்டு! என்னா நெடி!"

"ஒனக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டாங்களா?" என்றார் நல்லசாமி. ஆனால் தூரத்தில் உட்கார்ந்திருந்த ரகுநாத்துமே மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அபிராமி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மருந்து வாடை ஒங்களுக்கு எப்பலேருந்து அடிக்கல, அங்கிள்?"

இதற்கு மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்தடிப்பவர்களிடையே அது ஒரு பெருமை. புது ஆள்தான் இருமுவான், வாந்தி எடுப்பான், மூக்கில் துணி கட்டுவான். வாடையே தெரியாதவனை 'மருந்து பழகின ஆளு' என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே மற்றவர்களுக்குக் காட்டிச் சொல்வார். "அது எனக்குப் பழகி ரொம்ப வருஷம் ஆச்சு," என்றார். "மொகத்துல அடிச்சாக்கூட ஒண்ணும் தெரியாது."

"வீட்டுச் சாப்பாட்டு வாசனை?"

"அதெங்க இருக்கு? இவ வாங்குற சாமான்ல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருஷம் கூடத்தை மட்டுமா, ஊரையே கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதை வச்சு இன்ன சீக்குன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அபிராமி. "சளி, காய்ச்சல், வயசு, எதுனாலயும் போவலாம். பெரிய ஆஸ்பத்திரியில பாத்துடணும்."

அவர் காதில் அது விழவில்லை. செல்லம் பேசிக்கொண்டிருந்தாள், டாக்டரிடம் அல்ல, தன் உள்ளங்கையைப் பார்த்து. "நான் என் கைதான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். செரம்பான் வரைக்கும் போயி மல்லி வாங்கிட்டு வந்து கையாலயே இடிச்சேன். புனிதா நல்லாருக்கும்மான்னு சொன்னாக்கூட ஒப்புக்குச் சொல்றான்னு தோணும். ஒங்க சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. நீங்க ஊரச் சந்தேகப்பட்டீங்க. நான் என்னையே சந்தேகப்பட்டேன்."

நல்லசாமி அந்தப் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணும் மணக்கல, டாக்டர்," என்றார். "ஆனா அவ பூண்டுன்னு சொன்னா பூண்டுதான். அப்புடியே எழுதிக்குங்க."

செல்லம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, இடையில் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் தாண்டி அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் புனிதா காடி வரட்டும்," என்றாள். "மொத ஒங்கள ஆஸ்பத்திரியில காட்டுவோம். பாரோய் எங்கயும் ஓடிப்போவாது லா."