நீர்கொழும்பு மணலில் கஸ்தூரியின் விசில்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஐந்து அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு பஸ், ரயில், விமானம் எல்லாம் விசாரித்துச் சொல்லுவேன். நான் மட்டும் விமானம் ஏறியதில்லை. போன பிப்ரவரியில் அதற்கும் வேளை வந்தது. அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கும் என் மனைவி கஸ்தூரியை, இலங்கையில் நடக்கும் பெண்கள் பீச் வாலிபால் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"கடலே இல்லாத ஊர்லேர்ந்து பீச் வாலிபாலா?" என்று தெருவில் சிரித்தவர்கள் உண்டு. பள்ளி மைதானத்து மூலையில் மணல் கொட்டி, பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நடுவர் தேர்வுகளையும் ஒவ்வொன்றாக எழுதி மேலே வந்தாள். சிரித்தவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

இங்கிருந்து சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு நாலு மணி நேரம். அங்கிருந்து விமான நிலையம் முக்கால் மணி. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றேகால் மணிதான்; ஜன்னல் பக்கம் உட்காரப் பழகுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு பத்து கிலோமீட்டர். ஆட்டோவை அங்கே திரீவீலர் என்கிறார்கள். முதலில் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டவர், நான் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும் ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்தார். இலங்கை ரூபாய்தான், பயப்படாதீர்கள்.

கஸ்தூரிக்கு நடுவர்கள் தங்கும் ஓட்டல். எனக்குத் தனியாக ஒரு சின்ன லாட்ஜ். பிரியும்போது கண்டிப்பாகச் சொன்னாள்: "மேட்ச் முடியறவரைக்கும் பக்கத்துல வந்து பேசாதீங்க. யாரோ வேண்டியவங்கனு நெனைச்சுடுவாங்க."

"நான் வேண்டியவன்தானே?"

"கிரவுண்டுல இல்ல."

மூன்றாம் நாள் மாலை அரையிறுதி. இலங்கைப் பெண்களும் தாய்லாந்துப் பெண்களும் மோதினார்கள். பக்கத்துக்கு இரண்டே பேர் ஆடும் ஆட்டம் இது. கோட்டுக்குப் பதிலாக மணலில் நாடா கட்டியிருப்பார்கள். கஸ்தூரி வலையோரம் உயரமான மேடையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றாள். எனக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு வங்கி ஊழியர். கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டியபடி, தங்கள் நாட்டுப் பெண்களுக்காகக் கத்திக்கொண்டே இருந்தார்.

ஆளுக்கொரு செட். கடைசி செட்டில் தாய்லாந்து பதினான்கு, இலங்கை பதின்மூன்று. தாய்லாந்துப் பெண் அடித்த பந்து பின் நாடாவுக்கு அருகே விழுந்தது. கோட்டோர நடுவர் கொடியை உயர்த்தினார். வெளியே! சமமாகிவிட்டது என்று கூட்டமே எழுந்து குதித்தது.

கஸ்தூரி விசில் அடித்தாள். மேடையிலிருந்து இறங்கினாள். யாரும் மிதித்துவிடாதபடி கையைக் காட்டித் தடுத்துவிட்டு, பந்து பதிந்த இடத்தில் குனிந்து பார்த்தாள். அவள் நிமிர்ந்து, கையை நீட்டித் தரையைக் காட்டினாள். உள்ளே. ஆட்டம் முடிந்தது. இலங்கை தோற்றது.

கூச்சல் காதைப் பிளந்தது. பக்கத்துக்காரர் எழுந்து நின்று, "அந்த மனுசிக்குக் கண் தெரியேல்லையோ? வெளியில எண்டு கொடி காட்டுது!" என்று கத்தினார்.

"அவங்க என் வீட்டுக்காரம்மாங்க" என்றேன். "அவங்க பாத்துட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் மைதானத்தில், தோற்ற பெண்களில் ஒருத்தி அந்தத் தடத்தருகே போய் முழங்காலிட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எழவில்லை. பிறகு மணலைத் தட்டிவிட்டு நேராகக் கஸ்தூரியிடம் போய்க் கைகொடுத்தாள். கூச்சல் மெல்ல அடங்கி, அங்கங்கே கைதட்டல் கேட்டது.

"மன்னிக்கோணும் தம்பி" என்றார் பக்கத்துக்காரர். உட்கார்ந்து, அவரும் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று தட்டினேன். அவள் சொல்லியிருந்தபடி கிட்டே மட்டும் போகவில்லை.

இரவு சாப்பிடும்போது, "அவ்ளோ பேர் கத்தினாங்களே, பயமா இல்லயா?" என்று கேட்டேன்.

"பந்து நாடாவத் தொட்டிருந்துச்சு" என்றாள். "கத்தினா நாடா நகர்ந்துடுமா? மீன் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க."

ஊரில் என்னை டீச்சர் வீட்டுக்காரர் என்பார்கள். அந்தப் பெயர் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கம் உட்காருங்கள், மாலை வெயில் முதுகுக்குப் போய்விடும். தொப்பி கட்டாயம். குழந்தைகளோடு போனால் விமான நிலையத்துக்குப் பக்கமாக நீர்கொழும்பிலேயே தங்குங்கள், கொழும்புவரை அலைச்சல் மிச்சம். அப்புறம், நடுவரைத் திட்டுமுன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

திரும்பும்போது சென்னையில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி, "எதுக்குப் போனீங்க?" என்றார். வாலிபால் பார்க்க என்றேன்.

"அப்படியா? யாரு ஜெயிச்சாங்க?"

நான் பார்த்த அரையிறுதியில் ஜெயித்தது தாய்லாந்து; அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வரிசையில் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நின்றிருந்த கஸ்தூரியைக் கைகாட்டினேன்.