அவன் வரையாத படங்கள்

நகரத்தின் பெயர் சென்னை என்று மாறியதற்கு அடுத்த வருஷம், ஐப்பசி மாதம். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்று உறுதியாகச் சொல்வேன். பாண்டி பஜாரில் பஸ் நகராமல், பனகல் பூங்காவிலேயே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. நண்பன் தன் அலுவலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். மேலே கதவில் புதுப் பூட்டு.

"ஓனர் ஓடிட்டார் மச்சி. கம்ப்யூட்டரெல்லாம் நேத்தே வண்டியில ஏத்திட்டாங்களாம்."

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீடியோ கேம் செய்துகொடுத்த சின்ன அலுவலகம் அது. ஆட்டத்தில் பின்னணியாக வரும் காடு, கோட்டை, சுரங்கம் எல்லாம் வரைவது அவன் வேலை. தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுப்பான். தாள் அலுவலகத்திலேயே தங்கிவிடும். இப்போது அவன் கையில் மிஞ்சியது அந்த கேமின் சி.டி. ஒன்றுதான். தீபாவளி கழிந்த வாரம் தரமணிப் பக்கம் ஒரு கம்பெனியில் நேர்காணல். வரைந்த படங்களோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"கேமையே ஓட்டிக் காட்டேன்" என்றேன்.

"நாலாவது ஸ்கிரீன்ல ஹேங் ஆயிடும்டா. அதுக்கு மேல அது போகாதுன்னுதான் அவர் போயிட்டார்."

எனக்கு வங்கியில் வேலை. புரோகிராம் எழுதுவது பொழுதுபோக்கு. கல்வெட்டு பற்றிய புத்தகங்களும் நிறையப் படிப்பேன். சிதைந்த வரியை அறிஞர்கள் எப்படி ஊகித்து நிரப்புகிறார்கள் என்பதில் எனக்குத் தனி ருசி. சி.டி.யை அபிராமபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், உள்ளே ஒரு சிறிய புரோகிராமும் ஒரு பிரம்மாண்டமான ஃபைலும் மட்டுமே இருந்தன. படங்கள், ஓசைகள் எல்லாவற்றையும் அந்த ஒரே ஃபைலுக்குள் கட்டி அடைத்திருந்தார்கள். எங்கே பிரிப்பது என்று அந்த கேமுக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபைலை வெறும் எண்களாகத் திரையில் விரித்தேன். முதலில் கம்பெனியின் சுருக்கப் பெயர். அடுத்து ஓர் எண், கடைசிப் பகுதி முன்னாலும் முதல் பகுதி பின்னாலுமாக. அந்த இயந்திரங்கள் எண்ணைச் சேமிப்பது அப்படித்தான். திருப்பிப் படித்தபோது அது ஃபைலின் கடைசிப் பக்கத்துக்கு வழி சொன்னது. உள்ளே இருப்பவற்றின் அட்டவணை அங்கே இருக்க வேண்டும். இருந்தது வெறும் குப்பை.

ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் மழை. தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். அந்தக் குப்பையில் ஒரே குறி அடுத்தடுத்து வருவதையும், சிறு இடைவெளி விட்டு மறுபடி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைல் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகாது; பெயர் குட்டையானால் மீதி இடம் பூஜ்யம். எழுத்துகளை எல்லாம் ஒரே எண்ணோடு கலந்து மறைத்திருந்தால், பூஜ்யம் இருந்த இடத்தில் அந்த எண் அப்படியே நிற்கும். வெற்றிடங்கள்தான் அந்த எண்ணைக் காட்டிக்கொடுத்தன. பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டேன். பெயர்கள் வரிசையாக இறங்கின.

"மச்சி, நீ திருடப் போயிருக்கலாம்டா. பேங்க்ல வேற இருக்க!" என்று, மழையில் நனைந்து வந்திருந்த நண்பன் என் முதுகில் அறைந்தான்.

அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். படத்தை யார் செய்தாரோ அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தில் ஃபைலின் பெயர் தொடங்க வேண்டும். தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று உடனே தெரியும். நண்பன் வரைந்தவை பன்னிரண்டு. அவன் எழுத்தில் தொடங்கிய பெயர்களோ திரை நிறைந்து, மேலே நகர்ந்து, மறுபடி நிறைந்தன. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதெல்லாம் நான் இல்லடா."

"வேற யாராவது உன் எழுத்துல வெச்சிருப்பாங்களோ?"

"வரையறவன் நான் ஒருத்தன்தான்."

ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரையில் போட்டேன். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் வண்ணப் பட்டியல், அலுவலகத்தில் எல்லாப் படங்களுக்கும் பொதுவாக ஒன்றே என்று அவன் சொல்லியிருந்தான், அதைத்தான் பயன்படுத்தினேன். அவனுடைய பன்னிரண்டும் ஒழுங்காக வந்தன. மற்றவை கோரமாக இருந்தன. பச்சை முகங்கள், உறைந்த ரத்த நிறத்தில் வானம், ஊதா நிறப் பற்களோடு ஒரு குழந்தை. அவை ஒவ்வொன்றின் முன்னாலும் வேறொரு வண்ணப் பட்டியல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அதைப் பொருத்தியதும் எல்லாம் அழகாகிவிட்டன. வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு ஆட்டத்துக்காக வரைந்தவை. அவன் அலுவலகத்தில் அவற்றைப் பட்டியலோடு திருடிவந்து, மாட்டினால் அவன் மாட்டட்டும் என்று அவன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தையை அவன் வெகுநேரம் பார்த்தான். "நல்லா வரைஞ்சிருக்கான்" என்றான் மெதுவாக.

தீபாவளிக்கு மறுநாள் திருவல்லிக்கேணியில் அவன் தங்கியிருந்த மேன்ஷனுக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"இன்னா நைனா, உன் சிநேகிதனுக்குப் பொண்ணு கிண்ணு பார்க்கறாங்களா? ரெண்டு பேரு டை கட்டிகினு வந்தாங்கோ. கம்ப்யூட்டர்ல படம் போடறவன் எந்த ரூமுன்னு கேட்டாங்கோ. ஊருக்குப் பூட்டான்னு சொல்ட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"போலீஸ் மூஞ்சியா இருந்தா இன்னான்னு கேட்டிருப்பேன். இது இன்னா மூஞ்சின்னே தெர்ல. அதான் பயமா கீது."

மாடியில் நண்பன் உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேர்காணலுக்குப் போக வேண்டாம் என்றேன். போகாவிட்டால் அந்தப் படங்களை எல்லாம் தானே திருடியதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றான். பன்னிரண்டை மட்டும் அச்செடுத்தோம்.

தரமணியில் சாலைக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். மத்தியானம் தாண்டித்தான் வந்தான். விரல்களில் பென்சில் கரி.

"அதே கேம் சி.டி. இன்னொண்ணு அவங்க மேஜை மேலயே இருந்துச்சு. நாம திறந்தத அவங்களும் திறந்துட்டாங்க."

"யாரு அவங்களுக்குக் கொடுத்தது?"

"அந்தப் படங்களோட சொந்தக்காரங்க. ஆள் அனுப்பி ஊரெல்லாம் விசாரிக்கறாங்களாம், என் பேர வெச்சுக்கிட்டு."

"வண்ணப் பட்டியல் விஷயத்தைச் சொன்னியா?"

"சொன்னேன். இன்டர்வியூ எடுத்தவர் தலையாட்டினார். அப்புறம் தாளையும் பென்சிலையும் நகர்த்தி, இங்கயே வரைங்கன்னார். வரைஞ்சேன். எழுந்து வந்து பின்னால நின்னு பார்த்தார். அந்தப் பன்னிரண்டும் உங்க கைதான், நம்பறேன்னார்."

"அப்ப வேலை?"

"கொடுத்துட்டார். திங்கக்கிழமை சேரணும்." டீயை வாங்கினான், குடிக்கவில்லை. "ஆனா என் பேர் எந்த ஃபைல்லயும் வரக் கூடாதாம். வேற ரெண்டு எழுத்து கொடுத்திருக்காங்க. அங்க முன்னாடி இருந்த ஒருத்தரோடது."

"அவர் எங்கே?"

"போயிட்டாராம். எங்கன்னு கேட்டேன். அதெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னார்."

"சேரப் போறியா?"

"வேற எங்க போய் என் பேரச் சொல்லச் சொல்றே?"

அடையாறு போகும் பஸ் வந்தது. அவன் முதலில் ஏறிக்கொண்டான்.