வெளிச்சத்தில் தொங்கிய நைட்டி

என் தங்கைக்கு வீட்டில் பெயர் காயலான்கடை. அப்பா வைத்த பெயர். தெருவில் எது கிடந்தாலும் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஓவியக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கத்துக்குப் படிப்பு என்று பெயர் வந்துவிட்டது. அதற்கு முன்பு நாங்கள் அதைக் கிறுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவளோடு கடைத்தெருவுக்குப் போவது பெரும் பாடு. மழையில் நனைந்து இறுகிப்போன சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவாள். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறமாக இருந்தால், அவர் இறங்கும்வரை அதையே பார்ப்பாள். அந்த ஆள் முறைப்பது என்னவோ என்னைத்தான். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளைக் கோத்துக் காதில் மாட்டிக்கொண்டு ஒருநாள் கல்லூரிக்குப் போனாள். வெங்காயம் வந்த வலைப்பையை வெட்டிச் சட்டைக்குக் காலர் தைத்தாள். வாசனையைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் குடை காணாமல் போய், சில நாள் கழித்துப் பாவாடையாகத் திரும்பி வந்தது, கம்பிகளோடு. அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லையே என்று கேட்டேன்.

"உக்கார்றதுக்கா டிசைன் பண்ணேன்? போடா" என்றாள்.

அம்மா இதற்கு நேர் எதிர். கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அங்கே கொடுத்த நீலச் சீருடையைத் தினமும் காலையில் இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவாள். அதில் ஒரு சுருக்கத்தை வெளியாள் எவரும் பார்த்திருக்க முடியாது. வீட்டில் நைட்டியோடு இருக்கும்போது வாசல் மணி அடித்தால் உள்ளறைக்குள் ஓடி, கதவைத் திறக்க என்னை விரட்டுவாள். நாலு பேர் கண்ணில் படுவது ஒழுங்காக இருக்க வேண்டும், உள்ளே எப்படி இருந்தால் என்ன என்பது அவள் கட்சி.

கடைசி ஆண்டுத் தேர்வுக்குத் தங்கையின் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். சொந்த வீட்டில் உடுத்திய துணிகளை வைத்து, ஆளுக்கு ஓர் அறையையே படைப்பாக மாற்ற வேண்டும். வெளியில் வாங்கிய துணி கூடவே கூடாது. அவற்றில் மிகச் சிறந்தது பெரிய காட்சிக்கூடத்துக்குப் போகும். அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று தங்கை சோறு தண்ணி இல்லாமல் அலைந்தாள்.

கடைசியில் யோசனை மொட்டை மாடியில் கிடைத்தது. அப்பாவின் பனியன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டைகளில் புகுந்த வெயில் சுவரில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. காற்றில் பனியன் அசைந்தபோது பொட்டுகளும் ஓடிப் பிடித்து விளையாடின. என்னைக் கத்திக் கூப்பிட்டுக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அப்பாவின் ஓட்டைப் பனியன்கள் போயின. முட்டி கிழிந்த என் ஜீன்ஸ் போயிற்று. எங்களைக் கேட்டுத்தான் எடுத்தாள். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. நேரில் பார்த்து அசந்துபோக வேண்டுமாம். அதே வாரத்தில் அம்மா தன் பூப்போட்ட நைட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். காற்றில் பறந்து விழுந்ததா என்று கீழ்வீட்டு அக்காவிடம்கூட விசாரித்தாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேர்வன்று அம்மா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சீருடையோடு நேராக வந்தாள். "எம் பொண்ணோட எக்சிபிஷன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டு வந்தேன்" என்றாள். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தபோது கொண்டை கலைந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

தங்கையின் அறையில் ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் மறைத்திருந்தார்கள். அம்மாவை வாசலில் விட்டுவிட்டு நான் தங்கையைத் தேடிப் போனேன். படைப்பின் பெயர் அச்சிட்ட அட்டையை வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தாள். 'எங்கள் வீட்டு வெளிச்சம் – அப்பா, அம்மா, அண்ணன் உடுத்தியவை' என்று அதில் இருந்தது. அம்மா உடுத்தியது எது என்று நான் கேட்பதற்குள் அறைக்கு வந்துவிட்டோம்.

உள்ளே துணிகள் மேலிருந்து தொங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பல்பு. நடுவில், இருப்பதிலேயே பெரிய பல்போடு, பூப்போட்ட நைட்டி. அக்குளில் கிழிசல், முதுகு நைந்து சல்லடையாகிப்போன துணி. அம்மா ஸ்டூலில் ஏறி நின்று அதைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியும் நூலும் இல்லாமல் அவள் கைப்பை வெளியே கிளம்பியதில்லை. அக்குளை மூடிவிட்டு முதுகுக்கு வந்திருந்தாள். சுவரின் ஒரு பக்கத்தில் பொட்டுகளைக் காணோம்.

"அய்யோ! யாரும்மா உன்னைத் தொடச் சொன்னது?" தங்கை போட்ட கூச்சலில் பக்கத்து அறைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "எல்லாத்தையும் கெடுத்துட்டே! உனக்கு ஏதாவது புரியுமா?"

அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பிள்ளைகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாலு பேர் வர்ற எடம்டி. இப்படிக் கிழிஞ்சு தொங்குதே, அதுவும் லைட்ட போட்டு... அவங்க வர்றதுக்குள்ள தெச்சுடலாம்னு பாத்தேன்."

அவள் காதுமடல் சிவந்திருந்தது. அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. கத்தியதற்காகத் தங்கைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்திருக்கும். ஆனால் அதற்கு நேரமில்லை, தேர்வாளர்கள் வந்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த அம்மையார்தான் மதிப்பெண் போடுகிறவர். சுவரில் ஓடிய பொட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைநீட்டிப் பொட்டுகளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். அட்டையைப் படித்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. இதுல அம்மாவோடது எது? நடுவுல இருக்கறதா?"

அம்மா ஊசியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். மடிப்புக் கலையாத அந்த நீலச் சீருடையைப் பார்த்து, யாரோ மருத்துவமனை ஆள் என்று அவர் நினைத்திருக்கலாம். தங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரிய காட்சிக்கூடம் கைக்கு வந்துவிடும்.

"இல்ல மேடம். அது எங்க வீட்டுது இல்ல" என்றாள் தங்கை. "பழைய துணி விக்கிற எடத்துல வாங்கினேன்."

"அப்ப அட்டையில போட்டிருக்கறது?"

"பொய் மேடம்."

"வெளியில வாங்கக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

அம்மையாரின் முகம் சுண்டிவிட்டது. வீட்டை வைத்தே பொய்யா என்று சொல்லிவிட்டு அட்டையைத் திரும்பக் கொடுத்தார். எட்டிப் பார்த்த பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். தங்கை அட்டையை வாங்கிக்கொண்டு, தேர்வாளர்கள் வெளியே போகும்வரை அசையாமல் நின்றாள்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றாள் அம்மா.

"நீ இங்கயே நிக்கிறியேம்மா."

தங்கை ஸ்டூலில் ஏறிப் பல்பை அணைத்து நைட்டியை இறக்கினாள். அதை மடித்து அம்மாவிடம் நீட்டும்போது அழுதுவிட்டாள்.

"நீ அத தரை தொடைக்கத்தான் போடப்போறேன்னு நெனச்சேம்மா. அவ்ளோ கிழிஞ்சிருந்துச்சு. அதான் கேக்காம எடுத்துட்டேன்."

அம்மா அதை வாங்கிக் கைப்பைக்குள் திணித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. வரவேற்பு மேசையில் கேட்டவர்களுக்கு விவரம் சொல்கிற குரல்தான்.

"கிழிசல்தான். ஆனா எங்கிட்ட இருக்கறதுல அதுதான்டி நல்லது."