டாய்ல் பார்த்த கறுப்புக் கொடி

என் வீட்டுக்காரர் டாய்ல் ஸ்டேமி வாரத்தில் ஐந்து நாள் சாக்ஸ் மில்லில் மிஷின் ரிப்பேர் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை ராஜாவாக இருப்பார். எங்கள் பிக்கெட் க்ரீக் கார் பந்தயத் தடத்தில் விளக்குக் கம்பம் நட இன்றுவரை வக்கில்லை. அதனால் சபை முடிந்து, பொரித்த கோழி சாப்பிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ரேஸ். பத்தொன்பது வயதில் கார் ஏறியவர் அங்கே அறுபத்தோரு தடவை ஜெயித்தார். பெரிய பந்தயத்துக்கும் ஒருமுறை கூப்பிட்டார்கள். ஏழு ரேஸ் ஓடினார், ஏழிலும் இஞ்சின் காலை வாரிவிட்டது, திரும்பி வந்து மில்லில் அதே மிஷின் முன்னால் நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நான் நோரீன். ஹெல்மெட்டும் கழுத்துப் பட்டையுமாக இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவனால் பக்கத்தில் யார் வருகிறான் என்று திரும்பிப் பார்க்க முடியாது. கேலரிக் கூரை மேல் ஒருத்தர் நின்று ரேடியோவில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் டாய்லுக்கு அதைச் சொன்னது நான். "உள்ள ஆள்... இன்னும் உள்ள... போய்ட்டான், கிளியர்." உள்ளே என்றால் அவருக்கு இடது கைப்பக்கம். கூரையில் நின்ற ஒரே பொம்பளை. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன நோரீன், வீட்லயும் இப்படித்தான் அந்த ஆளுக்கு வழி சொல்லுவியா?"

"வீட்ல சொன்னா அந்த மனுஷன் கேக்க மாட்டாரு. அதான் இங்க வந்து சொல்றேன். உன் பொண்டாட்டிக்கும் ஒரு ரேடியோ வாங்கிக் குடு, உருப்படுவ."

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எங்காவது கார் சுழன்று மஞ்சள் கொடி விழுந்தால் எல்லோரும் வேகம் குறைத்து வரிசையாக ஊர வேண்டும். அப்போது நான் மேலே நின்று சிவப்புத் துணியை ஆட்டுவேன், அவர் ஜன்னல் வலைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஒரு ரேஸில் சுவரில் மோதினார். இடது கண் போயிற்று. இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓடுகிற பந்தயத்தில் இடது கண் போனவனை யார் கார் ஏற்றுவார்கள்? வெளியே சொல்லவில்லை. "இடுப்பு சரியில்ல" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு ஆறு வருஷம் மில்லும் வீடுமாகக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தடத்திலிருந்து சத்தம் கேட்கும்போது கோழிக்கொட்டகையில் போய் ஆணி அடித்துக்கொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காது.

தொண்ணூற்றேழில் ஹார்கெட் வந்தார். அவருக்கு நல்ல கார் இருந்தது, ஓட்டுகிறவனுக்கு மணிக்கட்டு ஒடிந்திருந்தது. "ஒரே ஒரு ரேஸ், டாய்ல். நூறு சுத்து. முதல் அஞ்சுக்குள்ள வா, இந்த சீசன் முழுக்க வண்டி உன்னுது" என்றார். டாய்லுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் சிரித்ததைப் பார்த்து நான் எழுந்துபோய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

கண்ணும் உடம்பும் சரி என்று டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று தடத்தில் சொன்னார்கள். எங்கள் டாக்டர் அறையில் கண் பார்க்கிற அட்டை முப்பது வருஷமாக அதே அட்டை. நான் இருமலுக்கு மருந்து வாங்கப் போவதுபோல் போய், சபை நோட்டீசின் பின்பக்கம் எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் ஒப்பிக்க வைத்தேன். இடது கண்ணுக்காகத்தான், கர்த்தர் மேல் சத்தியமாக. வலது கண் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா? அவருக்குச் சர்க்கரை இருந்தது. கோப்பை நிறைந்தது தெரியாமல் காபியை மேசையில் ஊற்றுவார். பிக்கப் வண்டியை என்னையே ஓட்டச் சொல்லி, "நீ ஓட்டினா உன்னப் பாத்துக்கிட்டே வரலாம்ல, கண்ணு" என்பார். நான் பைத்தியக்காரி, வெட்கப்பட்டேன்.

வியாழக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தபோது வேகம் பிரமாதம். அந்தத் தடத்தின் மேடு பள்ளமெல்லாம் அவர் இடுப்புக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஏறினேன். ரேடியோ எங்கள் பழைய ஜோடி செட், அதில் நாங்கள் இருவர் மட்டும்தான். பதினான்காவதாகக் கிளம்பினார். "உள்ள ஆள்." "கிளியர்." நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தனாகத் தாண்டினார். ஐம்பதாவது சுற்றில் மூன்றாவது. கேலரி எழுந்து நின்று கத்துகிறது.

ஐம்பத்தெட்டாவது சுற்றில் நாலாவது வளைவில் டென்னி வாரிக்கின் கார் சுழன்று குறுக்கே நின்றது. டென்னி எங்கள் சபையில் பாடுகிறவன், மூன்று பிள்ளைக்கு அப்பன். அவன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு வருகிற கார்களைப் பார்த்து நின்றது. ரேடியோவில் சொல்ல எனக்கு ஒரு நொடி பிந்திவிட்டது. மஞ்சள் கொடி விழுந்தது, சுவர் மேல் மஞ்சள் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. எல்லா இஞ்சின் சத்தமும் இறங்கியது. ஒன்று மட்டும் இறங்கவில்லை.

"மஞ்சள்! டாய்ல், மஞ்சள்! மேல போ, மேல!"

டென்னியின் கதவுக்கு ஒரு சாண் தள்ளி, சுவரை ஒட்டிக் கடந்தார். "என்னா தில்லுடா கிழவனுக்கு!" என்று கூரையில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எரிகிற விளக்குக்கு நேராகப் போனவர் நான் கத்தின பிறகுதான் பிரேக் போட்டார்.

மஞ்சளில் ஊர ஆரம்பித்தார்கள். சிவப்புத் துணி என் பைக்குள் மடித்தபடி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"டாய்ல், துணிய ஆட்டிட்டிருக்கேன். தெரியுதா?"

"நல்லாத் தெரியுது, கண்ணு." ஜன்னல் வலைக்குப் பின்னால் அவர் கை ஆடியது.

ஆண்டவரே! நான் ஒரு கண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த எழுத்தை அந்த மனுஷன் இரண்டு கண்ணுக்கும் ஒப்பித்திருக்கிறார்.

இன்னும் நாற்பது சுற்று. அப்படியே போனால் மூன்றாவது, சீசன் முழுக்க கார், அந்தச் சிரிப்பு. டென்னியின் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவனைக் கதவு வழியாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேலரியைப் பார்த்துக் கையசைத்தான்.

"டாய்ல், நமக்குக் கறுப்புக் கொடி காட்றான். உள்ள வந்துரு."

கறுப்புக் கொடி காட்டினால் பந்தயத்தை விட்டு வெளியேற வேண்டும். கொடிக்காரர் ஓடெல் கையில் மஞ்சள்தான் இருந்தது.

"எதுக்கு?"

"எண்ணெய் ஒழுகுதாம்."

"நெஜமாவா, நோரீன்?"

"காட்டிட்டு நிக்கிறான்ல. பாரு."

வரிசையோடு ஒரு முழுச் சுற்று ஊர்ந்து, ஓடெலுக்கு நேராகக் கடந்தார்.

"ஆமா. பாத்தேன்" என்றார். தடத்தை விட்டு, ஹார்கெட்டின் ஆட்கள் நிற்கிற இடத்துக்குக் காரைத் திருப்பினார்.

நான் ஏணியில் இறங்கி ஓடிப் போவதற்குள் ஹார்கெட் காரின் கூரையை ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். "யாருய்யா உன்ன உள்ள வரச் சொன்னது? மூணாவது போயிட்டிருந்த வண்டி!"

"கறுப்புக் கொடி காட்டினான்."

"ஒரு மயிரும் காட்டல, அண்ணே!" என்று டயர் மாற்றுகிறவன் கத்தினான். "நாங்க இத்தன பேர் பாத்துட்டுதானே நிக்கிறோம்!"

டாய்ல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நோரீன் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார்.

அதோடு முடிந்தது. ஹார்கெட் மட்டுமல்ல, வேறு யாரும் கூப்பிடவில்லை. திரும்பும்போது நான்தான் பிக்கப் ஓட்டினேன். மில் தாண்டினதும் கேட்டார்.

"நான் ஒதுங்கினப்போ யாரு நின்னான்?"

"டென்னி."

"எவ்ளோ கிட்ட?"

"ஒரு சாண்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாருக்காகச் சொல்ல?

இப்போது அவருக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை காலையில் கையைப் பிடித்து பிஸ்கட் கடைக்குக் கூட்டிப்போகிறேன். குழம்பு ஊற்றின பிஸ்கட்டை, எங்கள் ஊரில் அது பன் மாதிரி மெத்தென்றிருக்கும், தட்டில் தடவிச் சாப்பிடுவார். கடைக்கு வருகிற மற்ற ஆண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன டாய்ல், இன்னைக்கு என்ன கொடி பறக்குது?"

"சிரிங்கடா. அன்னைக்கு ஓடெல் காட்டினான், நான் பாத்தேன்."

"அந்த ஆளு பைபிள் மேல கை வெச்சு இல்லன்னு சொல்லிட்டாரேய்யா!"

அந்தச் சிரிப்பில் டென்னி வாரிக்கின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும். நல்ல பாட்டுக்காரன், நல்ல தொண்டை. டாய்ல் அந்தச் சத்தம் வரும் பக்கம் திரும்பி, மேசை மேல் என் கையைத் தேடுவார்.

"நோரீனக் கேளுங்க. அவதான் மேல நின்னா."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

"காட்டினான்" என்பேன். "நானும் பாத்தேன்."