லுகானோவுக்கு மலைமேலால் ஒரு வழி

லண்டனின் தென்பக்கத்தில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் தில்லையம்பலத்தார், மற்றப் பக்கத்து மனோர் பார்க் முருகனைக் கும்பிட வெளிக்கிட்டால், விடியவே போய் டிராமும் பஸ்ஸுமாக மாறி மாறி, மத்தியானப் பூசைக்குத்தான் போய்ச் சேருவார். நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் அவர் ஏறுவதில்லை. ஊரில் இளந்தாரியாக இருந்த காலத்தில் ஷெல்லடிக்கு ஒதுங்கிய பங்கர் குழி அவர் மேல் இடிந்து விழுந்தது. அயலட்டைச் சனம் கையால் மண்ணை வறுகித்தான் அவரை வெளியில் எடுத்தது. முருகன் தந்த இரண்டாவது உயிர் என்று அவர் சொல்லுவார். அதற்குப் பிறகு குகை மாதிரியான இடத்துக்குள் போவதென்றால், அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கத்தில் நின்றே தெரிய வேண்டும்.

அவருடைய தங்கச்சி கலாரஞ்சினி சுவிஸில் லுகானோவில் இருக்கிறா. அவவின் மகள், பெரியபிள்ளையான ஜதுர்ஷிகாவுக்கு ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாமத்தியச் சடங்கு என்று நாள் வைத்தார்கள். பிள்ளையின் தலையில் பாலறுகு, பாலில் தோய்த்த அறுகம்புல், வைப்பது தாய்மாமன். இருப்பது ஒரே மாமன். போகாமல் விட ஏலாது. பிளேனில் போகலாம்தான், ஆனால் பலகாரத் தகரங்களையும் தட்டங்களையும் பாரிஸில் எடுக்கிற மாலைகளையும் ஆர் தூக்கிக்கொண்டு போவது? வான் தான் சரி என்று மனைவி சிவமலர் சொன்னா. அவ கவுன்சில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவ. கடலைக் கப்பலில் கடந்துவிடலாம். லுகானோவுக்கு முன்னால் குறுக்கே கிடக்கிற மலைதான் பிரச்சினை. எல்லாரும் அதற்குள்ளால் போகிற கொத்தார்ட் குகைப் பாதையில்தான் போகிறார்கள். அதற்குள் நெடுந்தூரம் வெளிச்சமே தெரியாது.

குகைக்கு மேலே பழைய மலைப்பாதை ஒன்று இருக்கிறது என்று அறிந்த நாளிலிருந்து தில்லையம்பலத்தாருக்கு அதே நினைப்பு. பனிக்காலம் முழுக்கப் பூட்டிவைத்து மே கடைசியில்தான் திறப்பார்களாம். மலையை எப்படிப் பூட்டுவது? திறப்பு ஆரிடம்? கொத்தார்ட் அடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணராசாவைக் கேட்டார். அவர் தங்கச்சி புருசனின் கூட்டாளி, கோடையில் அந்தப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸை விட உயரமாகப் பனி கிடக்கும், நீளக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துத்தான் பாதையைக் கண்டுபிடிப்பார்கள் என்று அவர் சொல்ல, தில்லையம்பலத்தார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

மலை உச்சியில் ஒரு கமரா இருக்கிறது, போனில் பார்க்கலாம் என்றும் கிருஷ்ணராசா சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து காலமை விளக்கேற்றித் தேவாரம் படித்த கையோடு தில்லையம்பலத்தார் போனைத் திறந்து மலையைப் பார்ப்பார். வெள்ளைக்குள் ஒரு கறுத்தக் கோடு தெரிந்த அன்று சிவமலரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்கட தங்கச்சி வீட்டையும் இப்பிடி ஒருநாள் பாத்தீங்களோ?" என்று கேட்டுவிட்டு அவ வேலைக்குப் போனா.

கிருஷ்ணராசா இன்னும் பலதையும் விளக்கமாகச் சொன்னார். காலமை ஏறவேண்டும், பின்னேரம் மலையில் முகில் மூடி இடி மழை வரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வரக்கூடாது, சூடாகிப் பிடிக்காமல் போகும், சின்னக் கியரில் மெல்ல இறங்கவேண்டும். வளைவில் பஸ் கோன் அடித்துச் சத்தம் கொடுத்தால் அதற்கு வழி விடவேண்டும். சிவமலர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றா. தில்லையம்பலத்தாருக்குத்தான் ஒன்று இடித்தது. மலை ஏறுகிற வெள்ளிக்கிழமை காலமை மரணயோகமும் ராகுகாலமும். நல்ல நேரம் பின்னேரம்தான். வானம் சொல்லுவது ஒன்று, பஞ்சாங்கம் சொல்லுவது வேறொன்று.

மனோர் பார்க் ஐயரிடம் போய்க் கேட்டார். பரஸ்தானம் வைக்கலாம் என்று ஐயர் சொன்னார். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணப் பொருள் ஒன்றைப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எப்போது வெளிக்கிட்டாலும் தோஷமில்லை.

வியாழக்கிழமை கிருஷ்ணராசா வீட்டில் வந்து இறங்கியதும் தில்லையம்பலத்தார் நல்ல நேரத்துக்குப் பையை எடுத்தார். உள்ளே பட்டுவேட்டியும் பிள்ளைக்கு வாங்கிய சங்கிலியும். வேலைக்கு வெளிக்கிட்ட கிருஷ்ணராசா, பக்கத்து வீட்டில் என்னத்துக்கு வைப்பான், என்னோடு மலைக்கு அங்கால் வரட்டும், தங்கச்சி புருசன் வந்து எடுப்பான் என்று பஸ்ஸில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். இதைவிடத் திறமான பரஸ்தானம் உலகத்தில் இராது என்று தில்லையம்பலத்தாருக்குச் சந்தோசம்.

வெள்ளிக்கிழமை காலமை போனைத் திறந்தார். கறுத்தக் கோட்டைக் காணவில்லை. ஜூன் மாதத்தில் பனி கொட்டிப் பாதையை மூடிவிட்டார்கள்.

"பை போய்ச் சேந்திட்டுது. நாங்கள்தான் இஞ்ச நிக்கிறம்," என்றா சிவமலர். அவருடைய முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இஞ்சேருங்கோ, ஒருக்கா குகைக்குள்ளால போவமே? கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ. நான் கதைச்சுக்கொண்டே ஓடுறன்."

அவர் யோசித்தார். கண்ணை மூடினால் வருவது அந்தப் பங்கர் இருட்டுத்தானே. மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டலால் நாளைக்குப் பிள்ளை மாமன் இல்லாமல் மணையில் இருக்கப்போகுதே என்று முருகனைக் கூப்பிட்டார். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது.

"தம்பி, குகை வெட்ட முந்தி, பனிக்காலத்தில சனம் எப்பிடி அங்கால போனது?"

கிருஷ்ணராசா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "எல்லா மலையையும் பூட்டிறேல்லை அண்ணை. யூலியர் எண்டு ஒண்டு இருக்கு, பனிக்காலத்திலயும் வழிச்சு வழிச்சுத் திறந்து வைப்பினம். ஆனா வந்த வழியால திரும்பிப் போய்ச் சரியாச் சுத்தவேணும். நீங்கள் குகைக்கு மேலால போற பாதையையே கேட்டபடியால இது எனக்கு நினைவிலயே வரேல்லை." போனில் அந்தப் பாதையைப் பார்த்தார். திறந்திருந்தது. பழைய ரோட்டால் போனால் சின்னக் குகைகள்தான் வருமாம், ஒரு தேவாரம் பாடி முடிக்க முன்னம் வெளிச்சம் வந்துவிடும் என்றார். ஆனால் பின்னேரம் அங்கேயும் காலநிலை குழம்பும், இப்போதே வெளிக்கிட்டால்தான் உண்டு.

சிவமலர் மணிக்கூட்டைப் பார்த்தா. "ராகுகாலம் வருதே?"

"நான் நேற்றே வெளிக்கிட்டிட்டன். நீர் வானை எடும்," என்றார் தில்லையம்பலத்தார்.

சின்னக் குகைகளில் அவர் தேவாரத்தைச் சத்தமாகப் பாட, சிவமலர் வேகத்தைக் கூட்டாமல் ஓட்டினா. வளைவுக்கு மேல் வளைவு. பஸ் ஒன்று கோன் அடிக்க, ஓரங்கட்டி வழி விட்டா. உச்சியில் ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கல்தூண் துண்டுகள் நின்றன. இறங்கிப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏன் இந்த வெளியில் தூண்? அங்கே இருந்த பலகையைச் சிவமலர் போனால் படம் பிடித்துத் தமிழாக்கினா. ரோமர் காலத்துக் கோயில் ஒன்றின் மிச்சம் என்று வந்தது. எந்தச் சாமி என்று அவர் கேட்டார். அவ்வளவு எழுதவில்லை என்றா அவ.

அவர் சப்பாத்தைக் கழற்றி, பனியில் நின்று கும்பிட்டார்.

"காணும், ஏறுங்கோ. முகில் வருது, இறக்கம் முழுக்கக் கிடக்கு."

சின்னக் கியரில் இறங்கி, இருட்ட முன்னமே லுகானோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாள் காலமை அவர் பட்டுவேட்டியோடு முன்னால் வர, மணையில் இருந்த ஜதுர்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரையும் போலக் குகைக்குள்ளாலேயே போய்வந்த அவள் ஒருநாளும் மலைக்கு மேலால் போனதில்லை.

"மாமா, மேல என்ன இருக்கு?"

அவர் அறுகும் கையுமாகத் தூண்களில் தொடங்கிவிட்டார். சபை காத்துக்கொண்டு நின்றது.

"முதல்ல பாலறுகை வையுங்கோ அண்ணை," என்றா கலாரஞ்சினி.

வைத்தார். பால் பிள்ளையின் நெற்றியால் வழிய, விட்ட இடத்திலிருந்து சொன்னார்.