காலி வீடுகளில் விளக்குப் போட்டவர்

கிழக்கு ஜெர்மனியில் எங்கள் ஊர்ப் பஞ்சாலை ஓடிக்கொண்டிருந்த வரை ரோஸ்வித்தா குபிஷ் தனிமை என்ற ஒன்றை அறிந்ததில்லை. மூன்று ஷிப்டிலும் சுற்றிலும் பெண்கள், ஓயாத இரைச்சல், கேலி. பெர்லின் சுவர் விழுந்து இரண்டு ஜெர்மனியும் ஒன்றான மறு வருஷமே ஆலையை மூடிவிட்டார்கள். அவர் கணவர் டீட்டருக்கும் அங்கேதான் வேலை. அதற்குப் பிறகும் டீட்டர் விடிந்ததும் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பார். அப்படியே ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். மகன் மைக் இளவட்டம். அவன் எதற்கும் காத்திருக்காமல் மேற்கே ஸ்டுட்கார்ட்டுக்கு ரயிலேறிவிட்டான்.

ரோஸ்வித்தா அலுவலகங்களில் தரை துடைத்தார், பேக்கரியில் ரொட்டி விற்றார். பிழைப்பு நடந்தது. ஆனால் அவர் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் காலியாகிக்கொண்டே வந்தது. போனவர்கள் எல்லாம், "செடிக்குத் தண்ணி ஊத்து ரோஸி" என்று சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பவில்லை. கடைசியில் அங்கே அவர் ஒருவர்தான்.

நான் எதிர்க் கட்டடம். ஒரு நவம்பர் சாயங்காலம் அங்கே பல ஜன்னல்களில் வெளிச்சம். யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ரோஸ்வித்தாதான் அந்தச் சாவிகளோடு மாடி மாடியாக ஏறி, காலி வீடுகளில் விளக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோவாக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன ரோஸி, யாருக்கு விருந்து?"

"வெளிய போயிட்டு வந்தா கட்டடமே செத்துக் கெடக்குற மாதிரி இருக்குய்யா. உள்ள வர கால் வரமாட்டேங்குது."

"இடிக்கப்போற கட்டடம். கரண்டுக்கு நான்ல பதில் சொல்லணும்!"

அன்றே காலி வீடுகளின் ஃப்யூஸ்களைப் பிடுங்கிவிட்டார். மாடிப்படி விளக்குகளை மட்டும் விட்டுவைத்தார்.

மைக் போனில் கத்தினான். "அம்மா, அங்க பேய்கூட வாடகைக்கு வராது. கெளம்பி வா!"

போனார். நல்ல வீடு, நல்ல மருமகள். காலையில் எல்லாரும் கிளம்பிவிட்டால் மாலைவரை சுவர்தான் துணை. பேரப்பிள்ளைகள் அவருடைய ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் மைக் யாரிடமோ, "எங்கம்மா கிழக்கத்தி ஆளு, அப்படித்தான் இருப்பாங்க" என்றான், தான் அங்கே பிறக்காதவன்போல.

மூன்றாம் மாதம் பெட்டியைக் கட்டினார்.

"என்னம்மா கொறச்சல் இங்க?"

"ஒண்ணும் இல்லடா. அதான் என்ன சொல்றதுன்னு தெரியல."

அவர் திரும்பியபோது கட்டடம் இல்லை. அந்த இடத்தில் புல் விதைத்திருந்தார்கள். இப்போது எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கிறார். போன ஞாயிறு காபிக்குக் கூப்பிட்டேன். வந்தார். கேக் நன்றாயிருக்கிறது என்றார். இருவரும் அந்தப் புல்வெளி தெரியும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.