சாட்சி சொன்ன ஞாயிறு

இதை எழுதலாமா என்று பக்கத்து ஷெட்டுக்காரியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "எழுதுங்கக்கா. எங்க பேர மட்டும் போட்டுடாதீங்க. போனவாட்டி பேரு சொல்லாமலே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிட்டுது" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் களிமண் கரைசலை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறோம். மழைக்காலம் தொடங்கினால் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைதான் வேலை. குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், ஞானிகள், ஆடு, மாடு எல்லாம் சேர்ந்தது ஒரு செட். எங்கள் சபையில் குடில் வைக்கிற வழக்கமே கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் குடிலால்தான். பக்கத்து ஷெட்டில் அவளும் அவள் புருஷனும் கார்த்திகை விளக்கு செய்கிறார்கள்.

எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குச் சொந்தச் சூளை இல்லை. சூளை வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, நம் முறை வரும்போது சரக்கை ஏற்ற வேண்டும். முறை தவறினால் வரிசையில் மறுபடி கடைசி ஆள்தான். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வருஷம் கார்த்திகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் புருஷன் பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டரை முந்தப் போய், வண்டியோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கடலூர் ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக இவள் இருந்த நாட்களில் இவளுடைய முறை வந்து போய்விட்டது. திரும்பி வந்து கேட்டால், அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்து என்றார்கள். அப்போது சுட்டால் விளக்கு கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கார்த்திகை முடிந்துவிடும். கார்த்திகை முடிந்த மறுநாள் யார் விளக்கு வாங்குவார்கள்? காய்ந்த விளக்குகள் அவள் ஷெட்டில் பலகை பலகையாக அடுக்கியிருந்தன. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

என்னுடைய முறை வியாழக்கிழமை. புதன்கிழமை காலையில் ஜெபிக்க முழங்காலில் நின்றபோது, உன் முறையை அவளுக்குக் கொடு என்று தோன்றியது. காதில் குரல் எதுவும் விழவில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் உண்டு என்கிறார்கள், எனக்கு வாய்த்ததில்லை. எனக்கு வருவது வெறும் நினைப்புதான். தள்ளிவிட்டால் போகாது. சோறு வடிக்கும்போதும் நிற்கும், துணி துவைக்கும்போதும் நிற்கும்.

நானும் லேசில் விடவில்லை. "ஆண்டவரே, அது கார்த்திகை விளக்கு. உமக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்தவள் கேட்கிற கேள்வியா அது! அது எடுபடாததால் பாண்டிச்சேரிக் கடைக்காரரை இழுத்தேன். டிசம்பர் முதல் வாரத்துக்குள் சரக்கு வராவிட்டால் வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுட்ட பிறகு பெயிண்ட் அடித்து, கண் எழுதி, பொதி கட்டப் பத்து நாளாவது வேண்டும். முறையை மாற்றிக்கொண்டால் ஐந்து நாள்கூட மிஞ்சாது. எதைச் சொல்லியும் பலனில்லை. நினைப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அச்சைத் துடைத்துக்கொண்டே, "குடுக்கணும்னு தோணிச்சின்னா குடுத்துடு. நான் வேணாம்னு சொல்லுவேன், அதச் சாக்கா வச்சிக்கலாம்னு பாக்குறியா?" என்றார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரிடம் எதையும் மறைக்க முடியாது.

அவள் ஷெட்டுக்குப் போய், "நாளைக்கு நீ ஏத்திக்கம்மா. உன் முறையில நான் ஏத்திக்கிறேன்" என்றேன்.

"அக்கா, உங்க பாண்டிச்சேரி சரக்கு?"

"பாத்துக்கலாம் வுடு."

களிமண் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்ததை முழுங்கிக்கொண்டாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் தேவன் செய்த நன்மையை எழும்பி நின்று சொல்லலாம். நான் எழும்பினேன். பெயர் சொல்லவில்லை. "பக்கத்துல ஒரு சகோதரி, அவங்க வூட்டுக்காரருக்குக் கால் ஒடஞ்சு, கதியத்து நின்னாங்க" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் உச்சுக்கொட்டியதும் எனக்கு வேகம் பிடித்துவிட்டது. அவள் தேம்பித் தேம்பி அழுததாகச் சொன்னேன். ஆண்டவர் என்னை ஏவியிராவிட்டால் அவள் பிள்ளைகள் பட்டினிதான் என்றேன். அவள் தேம்பவில்லை. பட்டினி என்ற பேச்சையும் எடுக்கவில்லை. ஆண்டவருக்கு மகிமை என்று சொல்லித்தான் முடித்தேன். ஆனால் ஆராதனை முடிந்து நான்கு பேர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டியபோது, அந்த மகிமை எந்தப் பக்கம் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

தொழிற்பேட்டையில் விளக்கு செய்கிற, புருஷனுக்குக் கால் உடைந்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? செவ்வாய்க்கிழமை எங்கள் சபைப் பெண் ஒருத்தி, தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் நடுவில் அவளைப் பார்த்து, "புள்ளைங்க பட்டினி கெடக்காம ஆண்டவர் காப்பாத்திட்டாரு பாத்தியா" என்று பரிவாகக் கேட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. விளக்குகள் நல்லபடியாகச் சுட்டு, கடைக்கும் போய்விட்டன. நான் எதிரே வந்தால் மட்டும் உள்ளே போய்விடுவாள். எனக்குக் கோபமான கோபம். "காரியம் ஆனதும் மூஞ்சத் திருப்பிக்கிறா பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் பொருமினேன். குழாயடிக் கதை அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ சபையில பேசுனதக் கேட்டப்பவே எனக்குச் சங்கடமாதான் இருந்திச்சி" என்றார். முன்பே சொல்லக் கூடாதா என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாள் முடிந்து, அவள் முறையில் ஏற்றிய எங்கள் பொம்மைகள் சூளையிலிருந்து பழுதில்லாமல் வந்தன. கைவசம் நான்கே நாள். ஆண்டவரே, இந்த ஆர்டரைக் காப்பாற்றும் என்று கேட்கத்தான் அன்று முழங்காலிட்டேன். வந்து நின்ற நினைப்போ வேறு. போய் அவளிடம் மன்னிப்புக் கேள். சூளை முறையைக் கொடுத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்தத் தடவை வாதாடாமல் எழுந்து அவள் ஷெட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "முறையக் குடுத்தீங்க, காலத்துக்கும் மறக்க மாட்டேங்க்கா. ஆனா எங்க மானத்த எடுத்துக்கிட்டீங்களே. அவரு படுத்துக்கிட்டே கேக்குறாரு, புள்ளைங்களப் பட்டினி போட்டேனாடீன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வர ஞாயித்துக்கெழம சபையில எழுந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"ஐயையோ, வேணாங்க்கா! மறுபடியும் என்னப் பத்தியா?" என்று பதறினாள். அந்தப் பதற்றத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்துச் சுவரோரம் சாத்தினாள். பிறகு, "பொம்மைக்கெல்லாம் கண்ணு எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

எழுதவில்லை. கண் எழுதுவது எனக்குக் கைவராத வேலை. நான் எழுதினால் மரியாள் ஒரு பக்கம் பார்ப்பாள், யோசேப்பு ஒரு பக்கம் பார்ப்பார். அவளுக்கு அசையாத கை. அது தெரிந்தும், "உனக்கு எதுக்கும்மா சிரமம், வூட்ல அவரு வேற படுத்திருக்காரு" என்று சொல்ல வாயெடுத்தேன். கொடுக்கிற இடத்திலேயே நிற்கப் பழகிய எனக்கு வாங்கிக்கொள்வது மானக்கேடாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. "வாம்மா, நீ வந்தாதான் முடியும்" என்றேன்.

நான்கு நாளும் வந்தாள். புருஷனையும் ஆட்டோவில் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு அவர் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிக் கொடுத்தார். அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்கம்மா, அந்தக் கயித்த இப்படி எடுங்க" என்றார். நான்காம் நாள் சாயங்காலம் சரக்கு பாண்டிச்சேரிக்கு வண்டி ஏறியது. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அந்த வருஷம் அவர்கள் கையால் நடந்தது. அதற்காக இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

வண்டி ஏற்றிவிட்டுக் கை கழுவும்போது, "இதையும் ஞாயித்துக்கெழம சொல்லிடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஞாயிறு வந்தது. சாட்சி சொல்கிறவர்கள் எழும்பலாம் என்று போதகர் சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். வீட்டுக்காரரும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார். என் ஆயுசிலேயே பெரிய சாட்சி வாய் நிறைய இருந்தது. இரண்டு கையாலும் பாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு யாரோ எழும்பி, மகளுக்குக் காய்ச்சல் விட்டதைச் சொன்னார்கள். நான் அல்லேலூயா மட்டும் சொன்னேன்.